பள்ளியில் கொடுத்த லேப்டாப்புக்கு இன்சூரன்ஸ் போடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணும்

ஆறாம்வகுப்பு_அம்மா | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. பள்ளியிலேயே ஒரு லேப்டாப் கொடுத்திருக்காங்க. தினமும் பையில வச்சு வீட்டுக்குக் கொண்டுவரணும், காலையில திரும்ப எடுத்துட்டுப் போகணும். படிப்பு முடியுற வரைக்கும் அவ கையிலதான் இருக்கும், ஆனா பொருள் பள்ளியோடது.

கூடவே ஒரு தாள் வந்திருக்கு. "பாதுகாப்புத் திட்டத்தில் சேர விரும்புகிறேன் / விரும்பவில்லை" என்று ரெண்டு கட்டம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணுல டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அதுக்கப்புறம் இந்த வருஷம் சேர முடியாதாம்.

ஊருக்கு ஊர் பணம் வேற என்பதால லேப்டாப்போட விலையை 100 பங்கு என்று வச்சுச் சொல்றேன். வருஷச் சந்தா 8 பங்கு. ஏதாவது ஆனா முதல் தடவை நாங்க 10 பங்கு போடணும், ரெண்டாவது தடவை 20. திட்டத்துல சேரலைன்னா ஸ்க்ரீனுக்கு 30, கீபோர்டுக்கு 20, சார்ஜர் தொலைஞ்சா 10, மொத்தமா போச்சுன்னா 100.

என் வீட்டுக்காரர் "வேண்டாம், நம்ம பொண்ணு பொறுப்பானவ" என்கிறார். எனக்கு வயிறு கலங்குது. அவ பொறுப்பானவதான். ஆனா பதினோரு வயசு. என்ன செய்யலாம்?

---

நிலவொளி | திங்கள், இரவு 9.58

கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க. என் பையன் ரெண்டு வருஷத்துல ரெண்டு ஸ்க்ரீன்.

---

கணக்குவாத்தியார் | திங்கள், இரவு 10.25

நிலவொளி அம்மாவுக்கு நடந்ததை வச்சு எல்லாரும் முடிவெடுக்க முடியாதுங்க. தாள்ல இருக்கிற எண்களையே எடுத்துப் பார்ப்போம்.

ஸ்க்ரீன் உடைஞ்சா: திட்டம் இல்லாம 30. திட்டத்தோட 8 + 10 = 18. லாபம் 12.
கீபோர்டு போனா: திட்டம் இல்லாம 20. திட்டத்தோட அதே 18. லாபம் வெறும் 2.
சார்ஜர் தொலைஞ்சா: திட்டம் அதைத் தருதான்னே தெரியலை. தந்தாலும் நீங்க போடுற 10-க்கும் சார்ஜர் விலை 10-க்கும் சரியாப் போச்சு.
மொத்தமா போனா: 100-க்கு பதில் 18.

ஒண்ணுமே ஆகலைன்னா 8 போனது போனதுதான்.

இப்ப ஒரு கேள்வி. வருஷத்துல ஸ்க்ரீன் உடைய எவ்வளவு வாய்ப்பிருந்தா இந்த 8 நியாயம்? உடையும்போது திட்டம் நமக்கு மிச்சப்படுத்துறது 20 (30-ல நம்ம 10 போக). 8-ஐ 20-ஆல வகுத்தா 0.4. அதாவது பத்துப் பிள்ளைங்கள்ல நாலு பேர் வருஷா வருஷம் ஸ்க்ரீனை உடைச்சாத்தான் ஸ்க்ரீனுக்காக மட்டும் இதுல சேர்றது கட்டுபடியாகும். மொத்தமா போறதுக்குப் பார்த்தா 8-ஐ 90-ஆல வகுக்கணும், கிட்டத்தட்ட 9 சதவீதம்.

எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. உதாரணத்துக்கு நானே வச்சுக்கிட்ட எண்கள்: ஸ்க்ரீனுக்கு 20 சதவீதம், கீபோர்டுக்கு 10, மொத்தமா போக 4. அப்ப சராசரியா மிச்சமாகுறது 4 + 1 + 3.6 = 8.6. சந்தா 8. ஏறக்குறைய சமம். உங்க பொண்ணு கவனமா இருந்து இந்த வாய்ப்பெல்லாம் பாதியாக் குறைஞ்சா மிச்சம் 4.3 தான், அப்ப வீட்டுக்காரர் சொல்றது சரி. ரெண்டு மடங்கு ஓட்டமும் துள்ளலுமா இருந்தா நீங்க சொல்றது சரி.

என் பிள்ளைக்கு நான் போடலை. அந்த 8-ஐ வருஷா வருஷம் தனியா எடுத்து வைக்கிறேன். நாலு வருஷத்துல 32 ஆகும், ஒரு ஸ்க்ரீன் காசு. உடையலைன்னா காசு என்கிட்டயே இருக்கும்.

---

இரட்டையர்_அப்பா | திங்கள், இரவு 10.51

கணக்கு சரிதான் சார். ஆனா முதல் வருஷம் மூணாவது மாசமே மொத்தமா போச்சுன்னா உங்க உண்டியல்ல இருக்கிறது 8. மீதி 92-க்கு எங்க போறது? எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு லேப்டாப், ஒரு சம்பளம். மாசக் கடைசியில 30 பங்கு திடீர்னு கேட்டாலே கையைக் கடிக்கும். 100 கேட்டா கடன்தான். சராசரி என்பது கையில காசு இருக்கிறவங்களுக்கு. எனக்கு அந்த ஒரு நாள்தான் பயம்.

---

கணக்குவாத்தியார் | திங்கள், இரவு 11.04

ஒத்துக்கிறேன். அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஒரு நஷ்டம் வந்தா தாங்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி, சராசரியெல்லாம் அதுக்கு அப்புறம்தான். தாங்க முடியாதவங்க கொஞ்சம் கூடுதலாக் கொடுத்தாவது சேர்றதுல தப்பே இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே அதுக்குத்தான்.

---

சாலிடர் | செவ்வாய், காலை 6.30

நான் லேப்டாப் சர்வீஸ் பண்றவன். பள்ளி லேப்டாப் நிறையவே பார்த்திருக்கேன். எது எப்படி உடையுதுன்னு தெரிஞ்சா முடிவெடுக்க லேசா இருக்கும்.

ஸ்க்ரீன் கீழே விழுந்துதான் உடையுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. என் மேசைக்கு வர்றதுல பல ஸ்க்ரீன் விழுந்ததே இல்லை. கீபோர்டு மேல பென்சிலையோ இயர்போனையோ வச்சுட்டு மூடியை அழுத்தி மூடியிருப்பாங்க. திறந்து பார்த்தா, அந்தப் பென்சில் முனை இருந்த இடத்துல ஒரு கறுப்புப் புள்ளி, அதுலேர்ந்து சிலந்தி வலை மாதிரி கோடுகள் கிளம்பியிருக்கும். இன்னொண்ணு, பை நிறைய புத்தகத்தைத் திணிச்சு அதுக்கு நடுவுல லேப்டாப். பையைத் தரையில தொப்புன்னு போட்டு அது மேலேயே உட்காருவாங்க. மூணாவது, திறந்திருக்கும்போது ஸ்க்ரீனோட ஒரு மூலையை ஒரு கையால பிடிச்சுத் தூக்குறது.

அடுத்தது சார்ஜர் குத்துற துளை. யூஎஸ்பி-சி வகையில சார்ஜரைக் குத்தியபடியே லேப்டாப்பைப் பைக்குள்ள தள்ளினா உள்ளே இருக்கிற சின்ன நாக்கு வளைஞ்சுடும். ஒயர்ல கால் தடுக்கி இழுத்தாலும் அதே கதி. சில மாடல்ல அந்தத் துளை மெயின் போர்டோட சேர்த்தே பற்ற வச்சது, மாத்துறது சின்ன வேலை இல்லை.

தண்ணிதான் மோசமானது. விலை குறைந்த பள்ளி மாடல்கள்ல சேமிப்பு சிப்பும் மெமரியும் பெரும்பாலும் போர்டுலயே பற்ற வச்சிருக்கும். போர்டு போனா கிட்டத்தட்ட எல்லாம் போச்சு. தண்ணி கொட்டினா உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க, சார்ஜரைக் கழட்டுங்க, பாதி திறந்து கூடாரம் மாதிரி கவிழ்த்து வைங்க, அப்படியே கொண்டுவந்து கொடுங்க. அரிசிக்குள்ள புதைக்காதீங்க, அதால ஒரு பலனும் இல்லை. "வேலை செய்யுதா பார்ப்போம்"னு ஆன் பண்ணவே பண்ணாதீங்க. ஈரத்தோட மின்சாரம் ஓடும்போதுதான் உள்ளே அரிப்பு வேகமாப் பிடிக்கும்.

அதனால தாள்ல பார்க்க வேண்டிய முதல் வார்த்தை "திரவ சேதம்". அது உள்ளே இருக்கா, விலக்குல இருக்கா?

---

புதுவரவு27 | செவ்வாய், காலை 8.12

எங்களுக்குக் கொடுத்த மாடல் ராணுவத் தரம்னு பெட்டியிலயே போட்டிருக்கு. அப்படின்னா உடையாதுதானே? இன்சூரன்ஸ் தேவையா?

---

சாலிடர் | செவ்வாய், காலை 8.40

அது எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்கிற அமெரிக்க ராணுவப் பரிசோதனை முறை. கம்பெனிகள் அதிலேர்ந்து தங்களுக்குத் தோதான சோதனையை எடுத்துச் செஞ்சு அந்தப் பேரைப் போட்டுக்கலாம், ராணுவம் சரிபார்த்துச் சான்று கொடுக்குறது இல்லை. அதுல விழும் சோதனை 26 தடவை: பெட்டி மாதிரி ஒரு பொருளுக்கு 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை, எல்லாம் சேர்ந்து 26. உயரம் 122 செ.மீ. ஆனா அந்த 26-ஐ அஞ்சு பீஸ் வரைக்கும் பிரிச்சுப் போட அனுமதி உண்டு. ஒரே லேப்டாப் 26 தடவையும் தாங்கியே ஆகணும்னு இல்லை. பல கம்பெனிகள் 76 செ.மீ. உயரத்தோட நிறுத்திக்குது, அது மேசை உயரம். சோதனையும் பெரும்பாலும் அணைச்சு வச்ச நிலையிலதான்.

விளிம்புல ரப்பர் வச்ச மாடல் நிஜமாவே நல்லாத் தாங்கும், அதை மறுக்கலை. ஆனா மூடிக்குள்ள மாட்டுற பென்சிலுக்கு எந்தத் தரமும் பதில் சொல்லாது.

---

நிலவொளி | செவ்வாய், காலை 9.05

என் பையனோட ரெண்டாவது ஸ்க்ரீன் அந்தப் பென்சில் கதையேதான்!

---

பள்ளி_மேசை | செவ்வாய், மதியம் 1.20

ஒரு பள்ளியில் மாணவர்களின் லேப்டாப்களைக் கவனிக்கும் மேசையில் வேலை பார்க்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

பல பள்ளிகளில் இது இன்சூரன்ஸே இல்லை. அதனால்தான் உங்கள் தாளிலும் "பாதுகாப்புத் திட்டம்" என்று இருக்கிறது. பெற்றோர் கட்டும் பணத்தைப் பள்ளி ஒரு பொது நிதியில் போட்டு அதிலிருந்து சரிசெய்கிறது. வேறு பள்ளிகளில் வெளி இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கும். கம்பெனி என்றால் பாலிசி ஆவணம் உண்டு, மறுத்தால் மேல்முறையீடு உண்டு. பள்ளி நிதி என்றால் பள்ளி சொல்வதுதான் முடிவு. ஆனால் வேலை சீக்கிரம் நடக்கும், விசாரணை குறைவு.

தொலைந்து போவதும் திருட்டும் ஒன்றல்ல. பேருந்தில் மறந்து வைத்துவிட்டு வந்தால் அது தொலைப்பு. பெரும்பாலான திட்டங்கள் அதைத் தருவதில்லை. திருட்டு என்றால் போலீஸ் புகார் நகல் கேட்பார்கள். பூட்டிய காரின் பின் இருக்கையில் கண்ணில் படும்படி வைத்திருந்தால் சில திட்டங்கள் அதையும் அலட்சியம் என்று தள்ளிவிடும். கீபோர்டு பட்டன்களை நகத்தால் நோண்டி எடுப்பது, மூடியில் கீறி எழுதுவது இதெல்லாம் வேண்டுமென்றே செய்த சேதக் கணக்கில் போகும்.

அடுத்து, பழைய மெஷினுக்கு எந்த விலை? நாலாவது வருஷம் லேப்டாப் மொத்தமாகப் போனால் பள்ளி புது விலை 100 கேட்குமா, தேய்மானம் போக 30 கேட்குமா? பள்ளிக்குப் பள்ளி வேறு. தேய்மானம் கழிப்பவர்கள் என்றால் கடைசி வருஷங்களில் அதே 8 சந்தா கட்டுவதில் அர்த்தம் குறைவு. முதல் வருஷம் சேர்ந்து மூன்றாவது வருஷம் விலகலாமா என்றும் கேளுங்கள்.

தானாகக் கெட்டுப்போவது உங்கள் தலையில் விழவே கூடாது. பேட்டரி உப்புவது, அடியே படாமல் ஸ்க்ரீனில் கோடு விழுவது, இதெல்லாம் வாரண்டியின் கீழ் பள்ளி தயாரிப்பாளரிடம் பேசிக்கொள்ள வேண்டியவை. அதற்கு உங்கள் 10 பங்கைக் கேட்டால் கொடுக்காமல் காரணம் எழுத்தில் கேளுங்கள்.

---

தாமரைஇலை | செவ்வாய், மாலை 5.47

பள்ளி_மேசை சொன்ன கடைசி விஷயம் எங்களுக்கே நடந்தது. மகனோட லேப்டாப்ல மூடி சேர்ற கீல் ஒரு பக்கம் பெயர்ந்து வந்துடுச்சு. விபத்துச் சேதம், பணம் கட்டுங்கன்னாங்க. அவன் கீழே போடலைன்னு சத்தியம் பண்ணினான், எனக்கே பாதிதான் நம்பிக்கை. சர்வீஸ் பண்றவர் கழட்டிக் காட்டினார். கீலோட ஸ்க்ரூ பிடிக்கிற பித்தளை நட் பிளாஸ்டிக்கோட சேர்ந்து பிடுங்கிட்டு வந்திருந்தது. வெளியில ஒரு கீறல்கூட இல்லை. அதே வகுப்புல இன்னும் மூணு பிள்ளைங்களுக்கு அதே பக்கம், அதே கீல். எல்லா அம்மாக்களும் சேர்ந்து போய்ப் பேசினோம், பணம் கேட்கிறதை விட்டுட்டாங்க. மகன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

அதனால லேப்டாப் கைக்கு வந்த அன்னைக்கே ஃபோட்டோ எடுத்து வச்சுடுங்க. நாலு மூலை, ரெண்டு கீல், துளைகள், அடியில இருக்கிற சீரியல் நம்பர், வெள்ளைப் பக்கம் திறந்து வச்ச ஸ்க்ரீன்.

---

ஆறாம்வகுப்பு_அம்மா | செவ்வாய், இரவு 9.15

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கலை, ரொம்ப நன்றி. ஃபோட்டோ இப்பவே எடுத்துட்டேன். ஒரு மூலையில ஏற்கெனவே சின்ன விரிசல் இருக்கு! நாளைக்கே சொல்லி எழுதி வாங்கணும்.

ரெண்டு சந்தேகம். எங்க வீட்டு இன்சூரன்ஸ்லயே இது வராதா? இல்ல, உடைஞ்சா தெரிஞ்ச கடையில குறைஞ்ச செலவுல மாத்திக்கலாமா?

---

கணக்குவாத்தியார் | செவ்வாய், இரவு 9.44

வீட்டு இன்சூரன்ஸ்ல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, உங்களுக்குச் சொந்தமில்லாத, உங்க பொறுப்புல இருக்கிற பொருளையும் அது ஏத்துக்குமா, வீட்டுக்கு வெளியில உடைஞ்சாலும் தருமா. ரெண்டு, அதுல நீங்க முதல்ல போட வேண்டிய தொகை எவ்வளவு. பல நேரம் அதுவே ஒரு ஸ்க்ரீன் விலையைத் தாண்டிடும், அப்ப சின்னச் சேதத்துக்கு அது உதவாது. க்ளெய்ம் பண்ணினதால அடுத்த வருஷப் பிரீமியம் ஏறினா இன்னும் நஷ்டம்.

கிரெடிட் கார்டு தர்ற பாதுகாப்பும் இதுக்கு வராது. அது அந்த கார்டுல நீங்க வாங்கின பொருளுக்கு. இதை வாங்கினது பள்ளி.

---

சாலிடர் | செவ்வாய், இரவு 10.02

வெளிக்கடை வேண்டவே வேண்டாம். பொருள் பள்ளியோடது, அவங்க அனுமதி இல்லாமத் திறக்கவே கூடாது. திறந்தா வாரண்டியும் போகலாம், உங்க திட்டமும் போகலாம். நானே என்கிட்ட வர்றவங்ககிட்ட பள்ளிக் கடிதம் கேட்டுத்தான் தொடுவேன்.

---

மறுபடியும்_அம்மா | புதன், காலை 5.55

எழுதலாமா வேண்டாமான்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். யாரும் இதைச் சொல்லலை, அதனால சொல்றேன்.

போன வருஷம் நாங்க திட்டத்துல சேர்ந்திருந்தோம். சேர்ந்த அன்னைக்கே என் பையனை உட்கார வச்சு, "இதோட விலை என்ன தெரியுமா? உடைச்சேன்னா அவ்வளவுதான்"னு மிரட்டி வச்சேன். நல்லதுக்குத்தான் சொல்றேன்னு நினைச்சேன்.

மூணு மாசம் கழிச்சு அவன் ரூமுக்குப் போனா, லேப்டாப்பைப் பாதி மட்டும் திறந்து, தலையைச் சாய்ச்சுக் கீழே குனிஞ்சு வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தான். ஏன் இப்படி உட்கார்ந்திருக்கேன்னு முழுசாத் திறந்தேன். மேல் பாதி முழுக்கக் கறுப்பு. மூணு வாரமா அந்தக் கீழ்ப் பாதியிலேயே படிச்சிருக்கான். ஸ்க்ரீன்ல திறந்திருந்த பக்கத்தைக் கீழே நகர்த்தி நகர்த்தி, வரி வரியா. கழுத்து வலின்னு ரெண்டு தடவை சொன்னான், தலையணையை மாத்திக் கொடுத்தேன்.

திட்டத்துல சேதம் நடந்து 10 நாளுக்குள்ள சொல்லணும்னு விதி. நாங்க அதைத் தாண்டிட்டோம். சந்தாவும் கட்டி, முழு ஸ்க்ரீன் காசும் கட்டினோம்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. "அம்மா, நான் வளர்ந்து சம்பாதிச்சுத் தந்துடுறேன்"னு சொன்னான் பாருங்க, அது இன்னும் நெஞ்சுல இருக்கு. நீங்க சேர்ந்தாலும் சேரலைன்னாலும், உடைஞ்ச அன்னைக்கே வந்து சொல்லலாம்னு உங்க பொண்ணுக்குத் தெரியணும். அதுக்கப்புறம்தான் அந்தத் தாள்.

---

நிலவொளி | புதன், காலை 6.20

அம்மா, உங்களை நீங்களே நொந்துக்காதீங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லியிருக்கோம்.

---

பள்ளி_மேசை | புதன், காலை 7.45

இது அடிக்கடி நடக்கிறது. பிள்ளைகள் என் மேசைக்கு வரும்போது முதலில் "அம்மாவுக்குச் சொல்லாதீங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். விசாரிக்கும்போது எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும், சரியாகும் வரை மாற்று லேப்டாப் தருவார்களா என்பதையும் அவசியம் கேளுங்கள். மாற்று கிடைக்கும் என்று தெரிந்தால் பிள்ளை மறைக்க மாட்டாள்.

---

ஆறாம்வகுப்பு_அம்மா | வியாழன், இரவு 8.30

இன்னைக்குப் பள்ளிக்கு நேர்லயே போய்ட்டு வந்தேன். கேட்டதும் பதிலும்:

இது பள்ளி நிதிதான், வெளிக் கம்பெனி இல்லை. திரவ சேதம் உள்ளே வருது. தொலைப்பு வராது, திருட்டுக்குப் போலீஸ் புகார் வேணும். சார்ஜர் வராது. எத்தனை வருஷம் ஆனாலும் மொத்தமா போனா முழு விலை 100 தான் கேட்பாங்களாம், தேய்மானம் கழிக்க மாட்டாங்களாம். (இது நியாயமான்னு கேட்டேன், அடுத்த பெற்றோர் கூட்டத்துல எழுதிக் கொடுங்கன்னாங்க. கொடுக்கப் போறேன்.) ஒவ்வொரு வருஷமும் சேரலாம், விலகலாம். சேதமானா 5 பள்ளி நாளுக்குள்ள சொல்லணும். மாற்று லேப்டாப் அன்னைக்கே தருவாங்க. அந்த மூலை விரிசலைப் பதிவு பண்ணி முத்திரை போட்டுக் கொடுத்துட்டாங்க.

வீட்டுக்காரரும் நானும் கணக்குவாத்தியார் சாரோட எண்களை வச்சுப் பேசினோம். 30 வந்தா சமாளிச்சுடுவோம். 100 வந்தா முடியாது. தண்ணி பாட்டிலும் லேப்டாப்பும் ஒரே பையில போகுது. அதனால இந்த வருஷம் சேர்றோம். அடுத்த வருஷம் அவ எப்படி வச்சிருக்கான்னு பார்த்துட்டு, சேரலைன்னா அந்த 8-ஐத் தனியா போட்டு வைப்போம்.

மறுபடியும்_அம்மா, உங்க பதிவைப் படிச்சுட்டு அன்னைக்கே அவகிட்ட பேசினேன். விலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. "ஏதாவது ஆச்சுன்னா முதல்ல ஆஃப் பண்ணு, அப்புறம் என்கிட்ட வா"ன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "மூடும்போது பென்சில் உள்ளே மாட்டிடுச்சும்மா, நேத்து. உடையலை, ஆனா டக்குன்னு சத்தம் வந்துச்சு"ன்னா. ரெண்டு பேரும் விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சு வச்சுப் பார்த்தோம். கோடு எதுவும் இல்லை. பாட்டிலைப் பையோட வெளிப் பாக்கெட்டுக்கு மாத்தினதும் அவளேதான்.

---

இரட்டையர்_அப்பா | வியாழன், இரவு 8.52

நானும் ரெண்டு பேருக்கும் கட்டிட்டேன். ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைங்கன்னா சந்தா குறையுமான்னு கேட்டேன், கொஞ்சம் குறைச்சாங்க. கேட்டாத்தான் சொல்றாங்க.

---

பள்ளி_மேசை | வியாழன், இரவு 9.10

கையெழுத்துப் போட்ட தாளுக்கும் ரசீதுக்கும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வருஷ நடுவில் ஊழியர் மாறினால் அதுதான் கை கொடுக்கும்.

---

ஆறாம்வகுப்பு_அம்மா | வெள்ளி, காலை 9.05

ரெண்டும் வாங்கியாச்சு. லேப்டாப் ஃபோட்டோக்களோட சேர்த்து ஒரே ஃபோல்டர்ல போட்டுட்டேன்.